நின்ற இடம்

கம்பெனி கொடுத்த போனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று செல்லசாமி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். புதுச் சாமான் எதுவானாலும் அவருக்கு அப்படித்தான். குடைக்கும் வைப்பார், டார்ச் லைட்டுக்கும் வைப்பார். மனைவி பேச்சியம்மா சிரித்தாள். "கண்ணாடி மேல பொட்டு வச்சா எழுத்து எப்புடிங்க தெரியும்?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அது இரண்டு பேருக்கும் ஒரு வேடிக்கைச் சாமான், அவ்வளவுதான்.

செல்லசாமி குளத்துமேட்டுத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் வாச்சர். மஸ்கெலியா டவுனிலிருந்து நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற பஸ் கடைசியாக வந்து நிற்கிற தோட்டம் அது. விறகுக்கு மரம் வெட்டுகிறவர்களை விரட்டுவது, மாடு தேயிலைக்குள் இறங்காமல் பார்ப்பது, எல்லைக் கல்லை யாரும் நகர்த்தாமல் பார்ப்பது, இதுதான் அவருடைய காவல். வாலிப வயதிலிருந்து இந்த மலைகளைத் தினமும் சுற்றி வருகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் சுற்றுகிறாரா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் போன். நடப்பதைவிட நடந்ததற்கு அத்தாட்சி பெரிதாகிவிட்ட காலம்.

அதை இடுப்பில் ஒரு பைக்குள் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் எந்தப் பாதையில் போகிறார், எங்கே நிற்கிறார் என்று அது ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடந்தால் பச்சைக் கோடு. ஒரே இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் சிவப்புப் புள்ளி. இந்தச் சங்கதி ஆபீசோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களெல்லாம் கூடி அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போகிற இடத்தில், கம்பெனி ஒரு பெரிய டீவியை மாட்டி வைத்தது. முதல் நாள் வாச்சர்மாரும் கங்காணிமாரும் போன வழியெல்லாம் அதில் ஓடும். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டுமாம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கு அது காலைச் சீரியல் மாதிரி ஆகிவிட்டது.

"பாருடி, நம்ம கங்காணி நேத்து கடைப்பக்கம் எத்தன வாட்டி போயிருக்காருன்னு" என்று சிரிப்பார்கள். கங்காணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேறு என்ன செய்ய முடியும்?

போன் வந்த முதல் வாரத்திலேயே செல்லசாமியின் பச்சைக் கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில், மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில். மறுநாளும் அதே இடம். அதற்கு அடுத்த நாளும்.

"அங்க என்ன செல்லசாமி?" என்று கஜேந்திரன் கேட்டான். அவன் டிவிசனுக்குப் பொறுப்பான பீல்ட் ஒபிசர். இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியவன். சின்ன வயதில் செல்லசாமியை மாமா மாமா என்று சுற்றி வந்தவன்தான். உத்தியோகம் கிடைத்ததும் அந்த மாமா எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

"ஒண்ணுக்குப் போனேங்க ஐயா."

"தெனமும் அதே எடத்துலயா?"

"சக்கர வியாதிங்க. அடக்க முடியல."

பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. அன்று மத்தியானத்துக்குள் கீழ் டிவிசன் முழுக்க அவருக்கு 'ஒண்ணுக்கு வாச்சர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். செல்லசாமி கூசிப்போனார். ஆனாலும் அந்தப் பட்டத்தை ஒரு விதத்தில் நன்றியோடுதான் வாங்கிக்கொண்டார். சிரிக்கிறவரைக்கும் ஆட்கள் கிண்டிக் கிளற மாட்டார்கள்.

அந்த இடத்தில் அவருடைய பிள்ளை இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சியம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போகிற பாதையிலேயே பிறந்துவிட்டது. பிறந்தது அழவில்லை. பேச்சியம்மா நினைவில்லாமல் கிடந்தாள். கூட வந்த பெண்களில் ஒருத்தி பிள்ளையைச் சேலைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "நீங்க எறங்கிக்கிங்க. இவள நாங்க கொண்டுபோறோம். எங்க வச்சீங்கன்னு இவளுக்கு மட்டும் சொல்லிறாதீங்க. தாய்க்கு எடம் தெரியப்படாது. தெரிஞ்சா அங்கயே போயி ஒக்காந்து அழுவா, அடுத்தது தங்காது" என்றாள். அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். பேர் வைக்காத பிள்ளையைப் பெரியவர்களோடு கொண்டுபோய்ப் புதைப்பதும் இல்லை. செல்லசாமி மழையில் தனியாக நடந்து, ஒன்பதாம் நம்பர் மலையின் கடைசி நிரையில், கானோரத்துத் தேயிலைச் செடியின் அடியில் வைத்துவிட்டு வந்தார்.

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் பேச்சியம்மா இரண்டு கேள்வி கேட்டாள். என்ன பிள்ளை? எங்கே வைத்தீர்கள்? "மழையில ஒண்ணும் பாக்கல புள்ள" என்றார் முதலாவதற்கு. அது பொய். இரண்டாவதற்கு வாயே திறக்கவில்லை. கொஞ்ச மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். அடுத்தது தங்க வேண்டுமே என்று கட்டிய வாய். அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை.

அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அதற்குள் வேறொரு காரணம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பதாம் நம்பர் மலையில் பேச்சியம்மா கொழுந்து பறிக்கிறாள். அந்தச் செடியிலும் அவள் கை படுகிறது. தெரிந்துகொண்டு பெற்றவள் எப்படி அந்த மலையில் ஏறுவாள்? தெரியாமல் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவளோடு கதை பேசிக்கொண்டே பறிப்பாள். அந்தக் கதைப் பேச்சுக்குத்தான் செல்லசாமி இத்தனை வருடம் காவல் இருந்தார். கம்பெனிக்குப் பார்த்த காவலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தினமும் சுற்றின் நடுவில் அங்கே போய் நிற்பார். புல் முளைத்திருந்தால் பிடுங்குவார். வெற்றிலையை மென்றுகொண்டே வீட்டுச் சங்கதி சொல்வார். "ஒங்கம்மாவுக்கு முட்டிக்கால் நோவு. எண்ணெ தேச்சாலும் கேக்க மாட்டேங்குது." "நேத்து கொழம்புல உப்பு கூடிப்போச்சு. நா சொல்லல, சொன்னா கோவிச்சிக்குவா." பத்து நிமிடம் இருக்கும். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அது அழுகை இல்லை, சாமி கும்பிடுவதும் இல்லை. ஒரு அப்பன் தன் பிள்ளையோடு பேசிவிட்டு வருவது. லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மறைவு என்று ஒன்று ஏது? இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து சுடுதண்ணீர் வரும். ஒருத்தருக்கும் தெரியாமல் அவருக்கென்று இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

சிவப்புப் புள்ளி நிற்கவில்லை என்றதும் அரைப்பேர் போட ஆரம்பித்தார்கள். முழு நாள் வேலை என்றால் ஒரு பேர், பாதிதான் என்றால் அரைப்பேர். தோட்டத்தில் நாளை அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் நின்றதற்கு அரை நாளா என்று கேட்டார் செல்லசாமி. "நா என்ன செய்யிறது, மெஷின் சொல்லுது" என்றான் கஜேந்திரன். மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அரைப்பேர் விழுந்ததும் பட்டப்பெயரின் வேடிக்கை போய்விட்டது. சம்பளத்தை இழந்துகொண்டு ஒரு ஆள் ஒரே இடத்துக்குப் போகிறான் என்றால் அங்கே யாரோ இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? பெரட்டில் பெண்கள் டீவியைப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். வாய்விட்டு ஒருத்தியும் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"சக்கர வியாதின்னு ஊருக்குச் சொல்லுங்க. வீட்டுல சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறது நாந்தானே? யாரு அவ?"

"அப்புடி ஒருத்தியும் இல்ல பேச்சி."

"அப்ப என்னாத்துக்கு அங்க போயி நிக்கிறீங்க?"

செல்லசாமிக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இவளுடைய கை எந்தச் செடியிலெல்லாம் பட்டிருக்கிறது என்று நினைத்தார். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"சொல்ல முடியாத காரியம்னா ஆம்பளைக்கு அது ஒண்ணுதான்" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தாள், தண்ணீர் எடுத்து வைத்தாள், பேச்சை மட்டும் எடுத்து வைத்துவிட்டாள். எண்ணெய் தேய்க்கப் போனால் காலை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். என்னை வெறுத்துக்கொண்டாவது மலையில் நிம்மதியாக நிற்கட்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

வாயைத் திறக்க முடியாத மனிதர் புத்தியைத் திறந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. கறுப்பன் என்று ஒரு நாய் அவர் கூடவே மலை சுற்றும். போன் நடந்துகொண்டே இருந்தால் சரிதானே, தான் நடந்தால் என்ன, நாய் நடந்தால் என்ன என்று, போன் பையைக் கறுப்பன் கழுத்தில் கட்டிவிட்டு ஒன்பதாம் நம்பர் மலைக்கு இறங்கினார். போன் இல்லாமல் அன்றைக்கு நின்றது மனசுக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! ஒரு வெற்றிலைக்கு இரண்டு வெற்றிலையாகப் போட்டுக்கொண்டு பேசினார்.

கறுப்பன் நாலு பக்கமும் ஓடி மலையைச் சுற்றும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கறுப்பனின் கணக்கு வேறு. அது நேராக லயத்துக்குக் கீழே இருக்கிற பீலிக்குப் போய்விட்டது. குழாய் வழியாக ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற இடம். பெண்கள் குளிப்பதும் துணி துவைப்பதும் அங்கேதான். யாராவது ஒரு பிஸ்கட் போடுவார்கள் என்று அந்தப் பாறையிலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் டீவியில் செல்லசாமியின் பச்சைக் கோடு மனிதர் ஓடாத வேகத்தில் மலையிலிருந்து இறங்கியது. கானைத் தாண்டியது. பெண்கள் பீலியில் போய் நின்று, பெரிய சிவப்புப் புள்ளியாக உட்கார்ந்துகொண்டது.

களமே திரும்பிச் செல்லசாமியைப் பார்த்தது. பூரணி என்கிற பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயா, அது வாச்சர் இல்லீங்க. நாயிங்க! நாங்க குளிக்கையில கழுத்துல என்னமோ கட்டிக்கிட்டு வந்து படுத்துக் கெடந்துச்சு. தாயத்துன்னுல்ல நெனச்சோம்!"

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்குகிற நேரத்தில் பின்னால் நின்ற ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அந்தப் போன்ல கேமரா இருக்குங்களா ஐயா?" கஜேந்திரன் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மா முதலிலிருந்தே சிரிக்கவில்லை.

பெண்கள் அவரை ஒரு பழியிலிருந்து காப்பாற்றினார்கள். காப்பாற்றி இன்னொன்றில் தள்ளினார்கள். நாய் கழுத்தில் போனைக் கட்டுகிற அளவுக்கு ஒரு மனிதன் எதை மறைக்கிறான்? தொழிற்சாலையில் அந்த மாதம் தேயிலைத்தூள் மூட்டை குறைந்திருந்தது. கம்பெனி புதிதாக அனுப்பிய செக்கியூரிட்டி ஆபீசர் சுமனுக்கு அது ஒன்று போதுமாக இருந்தது. அவனுக்குச் செல்லசாமியைத் தெரியாது. அவர் விட்ட கோடுகளைத்தான் தெரியும்.

"மூட்டைய அங்கதான் பொதச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டான். தகப்பன் வயதுக்காரரை நீ என்றான்.

"தூளெல்லாம் நா தொட்டதில்லீங்க ஐயா."

"அப்ப அங்க என்ன இருக்கு?"

செல்லசாமி தரையைப் பார்த்தார்.

"சரி. தோண்டிப் பாத்துருவோம்."

மம்பட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கஜேந்திரன் போனில் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஒரு அடி பிசகாமல் அது அவனை அந்தச் செடியடிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. சுற்றி எல்லா இடமும் புல் மண்டிக் கிடக்க, அந்த ஒரு செடியின் அடி மட்டும் சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா? கைபட்ட மண்ணு" என்றான் சுமன்.

அன்றைக்குப் பெண்களுக்கு அதே மலையில்தான் கொழுந்து. மேல் நிரைகளில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். செல்லசாமி தலையைத் தூக்கினார். பேச்சியம்மா தெரிந்தாள். இன்றைக்காவது உண்மை தெரியட்டும் என்று நிற்கிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். மம்பட்டிக்காரன் கையை ஓங்கினான்.

செல்லசாமி ஓடிப்போய் அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் விரித்து மூடினார்.

"வெட்டாதீங்க! வெட்டாதீங்க ஐயா! தூளும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எம் புள்ள இருக்கு. நாந்தான் வச்சேன். லொறியில பொறந்த புள்ள. வெட்டிறாதீங்க!"

மம்பட்டிக்காரன் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "மாமா" என்றான் கஜேந்திரன். எத்தனையோ வருடம் கழித்து அவன் வாயில் வந்த மாமா. அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

பேச்சியம்மா இறங்கி வந்தாள். நிரைகளுக்கு நடுவே செடி சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க வந்தாள். அத்தனை பெண்களும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரன் கையிலிருந்த போனில் வரைபடம் இன்னும் விரிந்தபடியே இருந்தது.

"இங்கியா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

அவள் செடியைப் பார்த்தாள். அதில் அன்று காலையில்தான் துளிர் எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது அவளாகவும் இருக்கலாம். இருபது வருடத்து அழுகை வந்து கண் வரைக்கும் நின்றது. சுற்றி நிற்கிற முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி மலை ஏறினாள். தன் நிரைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தாள். ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் மேல் விழுந்து அழ இடம் கிடைத்தது, அழ மட்டும் முடியாமல் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை சிங்களவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்ததும் மறுநாள் பெரட்டுக்குத் தானே வந்தார். வெட்டின அரைப்பேர்களை எல்லாம் முழுப்பேராகப் போடச் சொன்னார். எல்லோர் முன்னாலும் செல்லசாமியின் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். "இனி செல்லசாமி அந்த எடத்துல பத்து மினிட் நிக்கலாம். பெர்மிஷன் இருக்கு. பிரச்சின இல்ல" என்றார். ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. செல்லசாமிக்குத்தான் எங்கேயாவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அனுமதி உள்ள இடம் என்றால் மெஷினில் அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாம். கஜேந்திரன் பேச்சியம்மாவிடம் வந்து பணிவாகத்தான் கேட்டான்.

"அத்த, அந்த எடத்துக்கு என்ன பேரு போட?"

"பேரெல்லாம் வேணாங்க ஐயா. அத அதுலருந்து எடுத்துருங்க."

"எடுத்தா திரும்பவும் செகப்பா வரும். மாமாவுக்குத்தான் கரச்சல்."

அவனாகவே ஒன்று போட்டான். அடுத்த நாள் டீவியில், ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில் ஒரு பச்சைப் பூ. அதன் பக்கத்தில் 'செல்லசாமி மகன்' என்று எழுத்து. பிள்ளை என்றால் மகன் என்று அவனுக்கு வந்துவிட்டது. பேச்சியம்மா அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செல்லசாமியைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று செல்லசாமி அனுமதியோடு போய் நின்றார். மேல் நிரைகளில் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், மரியாதைக்குத்தான். வாயில் வெற்றிலை இருந்தது, சொல்வதற்குச் சங்கதியும் இருந்தது. வார்த்தை வரவில்லை. பத்து நிமிடம் ஆனதும் இடுப்பில் போன் அடித்தது. மறுநாள் கொஞ்ச நேரம்தான் நின்றார். அதற்கடுத்த நாள் யாரோ அங்கே ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். மறுவாரம் செடியடியில் ஒரு பிளாஸ்டிக் கார் இருந்தது. பையனாயிற்றே என்று யாரோ புண்ணியவதி வைத்திருக்கிறாள். மஸ்கெலியாவிலிருந்து உறவு பார்க்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேச்சியம்மா கங்காணியிடம் சொல்லி வேறு மலைக்கு மாற்றிக்கொண்டாள். செல்லசாமி ஒன்பதாம் நம்பர் மலை வந்தால் நிற்காமல் நடந்தார். அவருடைய கோடு இப்போது முழுக்கப் பச்சை. வீட்டில் பேச்சியம்மா மறுபடியும் பேசினாள். காலை நீட்டி எண்ணெய் தேய்க்கக் கொடுத்தாள். ஆனால் அதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்த காம்பராவில் ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க மஸ்கெலியாவுக்குப் புறப்பட்டார்கள். லீவு நாள் என்பதால் போன் வீட்டில் ஆணியில் தொங்கியது. பஸ்ஸில் நல்ல கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு காதைக் கிழித்தது. பின்னால் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது, கண்டக்டர் உள்ளே போ உள்ளே போ என்று கத்திக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மா அவர் காதருகே குனிந்தாள்.

"டீவியில மகன்னு போட்டுருக்காங்களே. பையனாங்க?"

செல்லசாமி சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. அவர் அவள் காதில் சொன்னார்.

"இல்ல. பொம்பளப் புள்ள."

அவள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பியது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பார்த்தபடி அழுதாள். அத்தனை கூட்டத்தில் அவள் அழுதது ஒருத்தருக்கும் தெரியவில்லை. வாய்விட்டே அழுதாள். பாட்டு அதை மூடிக்கொண்டது. செல்லசாமி அவள் மடியில் கிடந்த கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"யாரு மாதிரி இருந்துச்சு?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"ஒன்ன மாதிரிதான். அந்த நெத்தி அப்புடியே."

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டவுன் நெருங்கியது. இறங்குகிறவர்கள் எழுந்து பைகளைத் தேடினார்கள்.

"கஜேந்திரங்கிட்டச் சொல்லி மகள்னு மாத்தச் சொல்லட்டுமா?" என்று செல்லசாமி கேட்டார்.

பேச்சியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாங்க. அவங்க மகன்னே வச்சிக்கட்டும். பொம்பளப் புள்ளய ஊரே பாக்குற எடத்துல வைக்க வேணாம்."